பதிலக்கா

அறுநூற்றுப் பத்துப் பேர் வேலை செய்யும் அந்தச் சட்டை ஆலையில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் துணி வெட்டும் மேஜை வரை எல்லோருக்கும் அவள் பதிலக்கா. மேனேஜரே ஒருநாள் வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னால் "பதிலக்காவை வரச் சொல்லு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, இருமி இருமிச் சமாளித்தார்.

பெயர் வந்த கதை ரொம்பச் சுலபம். அந்த ஆலையில் தைக்கிற சட்டை மொத்தமும் கடல் கடந்து ஒரே ஒரு கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனிக்கு மனசாட்சி உண்டு. ஒவ்வொரு சட்டையின் காலரிலும் பச்சை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, 'இதைத் தைத்த கைகள் நலமாக இருக்கின்றன' என்று அச்சடித்திருப்பார்கள். அட்டையின் மூலையில் இருக்கும் கட்டத்தைப் போனில் காட்டினால், தைத்த ஆலைக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்று தெரியும். அந்த மார்க்கைப் போடுவதற்கு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள், ஆடிட் வரும். எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும். அதனால் ஆடிட் என்றால் முதலாளி முதல் தரை கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அடிவயிறு கலங்கும். கலங்காத ஒரே ஆள் பதிலக்கா.

பதினொரு வருஷம் காலர் தைத்தவள் அவள். ஓர் ஆடிட்டில் சூப்பர்வைசர் ஒரு கேள்விக்குத் திணறி நிற்க, இவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே பதிலைச் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் அவளுக்குத் தனி அறை, கதவில் 'தொழிலாளர் நல அலுவலர்' என்று பலகை. கேள்வித்தாளில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். அத்தனையையும் கரைத்துக் குடித்திருந்தாள்.

ஆடிட்டுக்குப் பதினைந்து நாள் முன்னால் பாடம் தொடங்கும். சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பத்துப் பேராக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். தீப்பிடித்தால் எந்தக் கதவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சூப்பர்வைசர் திட்டுவாரா, எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. ஆனால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க விடமாட்டாள். எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்குத் தெரியும். ஒருத்தி யோசித்துச் சொல்ல வேண்டும், ஒருத்தி பட்டென்று சொல்ல வேண்டும், ஒருத்தி லேசாகக் குறைப்பட்டுக்கொள்ள வேண்டும். குறையையும் அவளே பங்கிட்டுக் கொடுப்பாள். கட்டிங் பிரிவுக்கு 'குடிதண்ணீர் இன்னும் கொஞ்சம் ஜில்லென்று இருக்கலாம்', பட்டன் பிரிவுக்கு 'கூடத்தில் மின்விசிறி சத்தம் போடுகிறது'. ஆடிட்டருக்கும் எழுதுவதற்கு ஏதாவது வேண்டுமே, பாவம்.

ஒருமுறை ஓர் ஆடிட்டர் பஸ் நிறுத்தத்தில் பயணி மாதிரி உட்கார்ந்து, தைக்கிற பெண்களிடம் பேச்சுக் கொடுத்து நாலு மார்க்கைப் பிடுங்கிவிட்டார். அதிலிருந்து பாடத்தின் கடைசியில் ஒரு வரி சேர்ந்துகொண்டது.

"யாரு கேட்டாலும் இதான் பதில். பஸ்ல கேட்டாலும் சரி, கடையில கேட்டாலும் சரி, ஆஸ்பத்திரியில கேட்டாலும் சரி. அவங்க எந்த ரூபத்துல வருவாங்கன்னு நமக்குத் தெரியாது."

இதனால் அவளைப் பொல்லாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது அவளால்தான். பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்து வந்தவளை மறுபடி அதே மெஷினில் உட்காரவைத்தது அவள்தான். எதைக் கேட்டாலும் கையை விரிக்கிற மேனேஜரிடம் "ஆடிட்ல கேட்பாங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்வாள், காரியம் நடந்துவிடும். இதில் பொய் எங்கே இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிதானே என்பாள். அறுநூறு வீட்டு அடுப்பு தன்னால் எரிகிறது என்று நம்பினாள். பாதி உண்மையும்கூட.

மீதிப் பாதி, கறை அறையில் இருந்தது.

தைத்த சட்டையில் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் அது கறை அறைக்குப் போகும். செக்கிங் பிரிவுக்குப் பின்னால், பத்தடிக்குப் பத்தடி. அங்கே நான்கு பெண்கள் உட்கார்ந்து, கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு கறைமேல் மருந்தைப் பீய்ச்சுவார்கள். மூன்று எண்ணுவதற்குள் கறை காணாமல் போகும். ஆலையில் அவர்களைத் துப்பாக்கிக்காரிகள் என்று கேலி செய்வார்கள். சுவரில் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி ஒன்று உண்டு. அதைப் போட்டால் பஞ்சும் தூசியும் பறந்து ஈரச் சட்டையில் ஒட்டுகிறது என்று போடுவதில்லை. ஜன்னலுக்கும் அதே விதி.

அறையில் இரண்டு வகைக் கேன்கள் இருந்தன. நீலக் கேனில் சோப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று இருக்கும், அதன் மேல் பெயர், படம், பாதுகாப்புக் குறிப்பு எல்லாம் ஒட்டியிருக்கும். குழந்தை குடித்தாலும் ஒன்றும் ஆகாது, கறையும் போகாது. வேலை செய்வது வெள்ளைக் கேன். அதிலும் முன்பு ஒரு சீட்டு ஒட்டித்தான் வந்தது. மண்டையோட்டுப் படமும், கீழே பொடி எழுத்தில் நீளமான ஒரு பெயரும். மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆடிட்டர் ஒருவர் குப்பைத் தொட்டியில் கிழிந்து கிடந்த சீட்டின் ஒரு மூலையைக் குனிந்து எடுத்துவிட்டார். மண்டையோட்டில் பாதித் தலைதான் அதில் இருந்தது. பாதித் தலைக்கே ஆறு மார்க் போனது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பதிலக்காதான் வழி சொன்னாள். சீட்டு இருந்தால்தானே சார் கிழியும், ஒட்டாமலே அனுப்பச் சொல்லிவிடுங்களேன் என்றாள். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதற்குப் பிறகு கேன்கள் மொட்டையாக வந்தன. பில்லில் 'துப்புரவுப் பொருள்' என்று எழுதினார்கள். அந்த வருஷம் அவளுக்குச் சிறந்த ஊழியர் என்று பட்டமும், சுழலும் நாற்காலி ஒன்றும் கிடைத்தன.

ஆடிட் நடக்கிற இரண்டு நாளும் வெள்ளைக் கேன்கள் வேனில் ஏறி ஊர் சுற்றப் போய்விடும். ஆடிட்டர் கிளம்பிவிட்டார் என்று போன் வரும்வரை வேன் டிரைவர் ஒவ்வொரு டீக்கடையாக நிறுத்துவார். வருஷத்தில் தனக்கு இரண்டு நாள் சுற்றுலா என்பார் அவர்.

அந்த நான்கு துப்பாக்கிக்காரிகளில் ஒருத்தி பதிலக்காவின் கூடப் பிறந்த தங்கை. ஆறு வருஷம் இளையவள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அக்கா சொன்னால் அது சட்டம். தையல் லைனில் உதவியாளாக நின்றுகொண்டே வேலை, சூப்பர்வைசரின் கத்தல் வேறு என்று அழுதவளைக் கறை அறைக்கு மாற்றியது அக்காதான். உட்கார்ந்த வேலை, கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் வந்து கத்தமாட்டார்கள். தங்கைக்கு அவ்வளவு சந்தோஷம். முதல் நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து, அங்கே கதைகூடப் பேசிக்கொள்ளலாம் என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

இந்த வருஷ ஆடிட் ஒரு செவ்வாய், புதன் என்று முடிவானது. அதற்குச் சரியாகப் பதினோரு நாள் முன்னால், புதிதாக வந்த மெஷின்களில் எண்ணெய் கசிந்து, அனுப்பத் தயாராக இருந்த வெளிர் நிறச் சட்டைகள் இரண்டாயிரத்திலும் பொட்டுப் பொட்டாகக் கறை. நான்கு பேரும் பத்து நாள், காலையிலிருந்து இருட்டும் வரை, மூடிய கதவுக்குள் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பத்து நாளும் பதிலக்கா சாப்பாட்டுக் கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருநாள் தங்கை வந்து, வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி இருக்கிறது, சோறு இறங்கவில்லை என்றாள். பதிலக்கா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. ஆடிட் முடியட்டும், முடிந்த மறுநாளே பட்டன் பிரிவுக்கு மாற்றிவிடுகிறேன் என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

ஆடிட்டர் இந்தத் தடவை மெதுவாகப் பேசுகிற, கண்ணாடி போட்ட மனுஷர். செவ்வாய்க்கிழமை ஆலையைச் சுற்றிப் பார்த்தார். தரையில் மஞ்சள் கோடுகள் பளிச்சென்று இருந்தன. கறை அறையில் மின்விசிறி சுற்றியது, நீலக் கேன் மேஜைமேல் கொலுவிருந்தது, நான்கு முகத்திலும் முகமூடி. புதன்கிழமை காலை, தனியாக விசாரிப்பதற்கு வருகைப் பதிவேட்டில் ஐம்பது பெயருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பேரைக் குறித்துக் கொடுத்தார். ஒன்பதாவது பெயர் தங்கையுடையது. அன்றைக்கு அவள் வேலைக்கு வரவில்லை.

குறித்த ஆள் இல்லாவிட்டால், ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஆடிட்டர்கள் எழுதுவார்கள். பதிலக்கா வராந்தாவுக்கு ஓடிவந்து போன் போட்டாள். தங்கையின் கணவன் எடுத்து, விடியற்காலையிலிருந்து வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கிறது, மஞ்சள் காமாலை போலிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றான். போனை அவளிடம் கொடு என்றாள் பதிலக்கா.

"ரெண்டு மணி நேரம்தான்டி. வந்து உக்காந்து, தெரிஞ்சதச் சொல்லிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிடு. நீ வரலன்னா எல்லாருக்கும் போச்சு."

"வரேன்க்கா" என்றாள் தங்கை.

கணவன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். முகம் கழுவி, பவுடர் போட்டு, கண்ணுக்கு மை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சள் தெரியாமல் இருக்க மை. ஆலையின் குழந்தைகள் காப்பக அறையில்தான் விசாரணை, அக்காவுக்கு உள்ளே அனுமதி கிடையாது. இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்த தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அக்காவைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, எல்லாம் ஆயிற்று என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் முடிவுக் கூட்டம். ஆடிட்டர் தாளைப் புரட்டிக்கொண்டே, கறை அறைப் பெண் வேலையின் பாதுகாப்பைப் பற்றி ரொம்பத் தெளிவாகப் பேசினாள், உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்குக்கூட நேற்று வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொன்னாள், அவளுக்கு ஆலையின் மேல் நல்ல பற்று இருக்கிறது என்றார். மார்க் தொண்ணூற்று நாலு. ஆலைக்கு அதுவரை கிடைக்காத மார்க். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மேனேஜர் பதிலக்காவை எழுந்து நிற்கச் சொன்னார். அந்த நிமிஷத்தில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. அவள் மடியில் இருந்த போன் சத்தமில்லாமல் ஏழு தடவை அடித்து ஓய்ந்திருந்தது.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் தங்கையைச் சேர்த்துவிட்டார்கள். வியாழக்கிழமை முழுக்கச் சோதனைகள். கல்லீரல் கெட்டுக்கொண்டே போகிறது, காமாலைக் கிருமி ஒன்றும் இல்லை, காரணம் பிடிபடவில்லை என்றார் டாக்டர். அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, தூக்கம் இல்லாத முகம். சாயங்காலம் பதிலக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் பேனா.

"வேலை செய்யற இடத்துல என்ன மருந்து புழங்கறாங்க? பேஷன்ட் சோப்புத் தண்ணிதான்னு சொல்றாங்க. நீங்களும் அங்கதானே இருக்கீங்க?"

"சோப்புத் தண்ணிதான் சார். மாஸ்க் குடுக்கறோம், ஃபேன் ஓடுது" என்றாள் பதிலக்கா.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள் என்று நம்பத்தான் ஆசை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார். இவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் எழுந்தாள். டாக்டர் தாளில் எழுதுவார், தாள் எங்காவது போகும், மார்க் போகும், அறுநூறு பேர் போவார்கள் என்று மறுபடி உட்கார்ந்தாள். காமாலைதானே, காலையில் தெளிந்துவிடும் என்று தனக்குத் தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டாள். இருக்கிற பதில்களிலேயே கேவலமான பதில் அதுதான்.

காலையில் தெளியவில்லை. தங்கையின் உடம்பு மஞ்சள் பூசிய மாதிரி இருந்தது, வயிறு உப்பியிருந்தது. பேச்சு விட்டு விட்டு வந்தது. அக்காவைப் பார்த்ததும் பக்கத்தில் வரச் சொல்லி விரலை ஆட்டினாள். இவள் காதைக் குனிந்து கொடுத்தாள்.

"டாக்டர் கேட்டாருக்கா. சேத்த அன்னைக்கு ராத்திரியே மூணு வாட்டி கேட்டாரு. நான் மாத்திச் சொல்லல. நீ பயப்படாத."

பதிலக்கா நிமிர்ந்து, வார்டைத் தாண்டி, படிக்கட்டைத் தாண்டி, டாக்டரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். நேற்று நான் சொன்னது பொய், அவள் சொன்னதும் பொய், அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான் என்று மூச்சு விடாமல் சொன்னாள். வெள்ளைக் கேன், மூடிய கதவு, பத்து நாள், எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"அந்த மருந்தோட பேரு?"

அவளுக்குத் தெரியவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தவளுக்கு இந்த ஒரு கேள்விக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரை மூன்று வருஷத்துக்கு முன்பே கேனிலிருந்து எடுக்கச் சொன்னவள் அவள்.

ஆலைக்குப் போன் போட்டாள். ஸ்டோர்காரர் பில்லில் 'துப்புரவுப் பொருள்' என்றுதான் இருக்கிறது என்றார். கேன்களை அனுப்புகிற வியாபாரி, தான் இன்னொருவரிடம் வாங்குவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். மேனேஜர் குரலைத் தாழ்த்தி, அவசரப்பட வேண்டாம், நிதானமாக யோசிப்போம், நாம் எல்லோரும் ஒரு குடும்பம் என்றார். இவள் போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தாள். கறை அறையில் மற்ற மூவரும் வேலையில் இருந்தார்கள். வேன் கேன்களோடு திரும்பி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தன் தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டு வெள்ளைக் கேனிலிருந்து அதில் நிரப்பினாள். நெடி மூக்கில் ஏறித் தலை சுற்றியது. அரை நிமிஷம்தான் அந்தக் கேனுக்குமேல் குனிந்திருந்தாள். வாசலில் காவலாளி எல்லோர் பையையும் சோதிப்பார். பதிலக்காவின் பையை அவர் ஒருநாளும் சோதித்ததில்லை. வணக்கம் வைத்து அனுப்பினார்.

பாட்டிலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் பெயர் வந்தது. டாக்டர் அதைப் படித்துக் காட்டினார். இத்தனை வருஷமாக இதை யாராவது மூடிய அறையில் பீய்ச்சுவார்களா என்று கேட்டார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. இதற்கு ஒரு மாற்று மருந்து இருக்கிறது, புதன்கிழமை ராத்திரியே ஏற்றியிருந்தால் வாய்ப்பு இருந்தது, இப்போதும் ஏற்றுகிறோம், ஆனால் நம்பிக்கை கொடுக்க முடியாது என்றார்.

புதன்கிழமை ராத்திரி. வியாழக்கிழமை சாயங்காலம். பதிலக்கா இரண்டையும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தாள். முதலாவதற்குத் தங்கையின் பதில், இரண்டாவதற்குத் தன்னுடையது.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் தங்கை செத்துப்போனாள். வயது இருபத்தொன்பது. முந்தின நாளே நினைவு போயிருந்தது. கணவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அவனுக்கு எதுவும் தெரியாது. பதிலக்கா அவனை வராந்தாவுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். புதன்கிழமை காலை போன் செய்ததிலிருந்து வியாழக்கிழமை டாக்டரிடம் சொன்னது வரை, ஒன்றையும் விடவில்லை. அவன் அவளை அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்து, தள்ளிப் போய், வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். அதன் பிறகு அவளிடம் அவன் பேசியதே இல்லை.

டாக்டர் தான் எழுத வேண்டிய இடத்துக்கெல்லாம் எழுதினார். அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வரப்போகிறார் என்று ஆலைக்குத் தகவல் வந்தது. தங்கை செத்த ஒன்பதாம் நாள் மேனேஜர் பதிலக்காவின் வீட்டுக்கே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தங்கையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு, கறை அறையில் மீதி இருக்கிற மூன்று பேரையும் கொஞ்சம் தயார்ப்படுத்த வேண்டும், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றார். சொல்லும்போது நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சரி சார், நாளைக்கு அரை நாள் அந்த மூன்று பேரையும் என்னோடு அனுப்புங்கள் என்றாள். மேனேஜர் நிம்மதியாகக் கிளம்பினார்.

மறுநாள் மூன்று பேரையும் பஸ்ஸில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எங்கே போகிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை. பதிலக்கா கூட்டிக்கொண்டு போனால் கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது. மூன்று பேர் கண்ணையும் பஸ்ஸில் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூத்தவளுக்கு நாற்பது வயது, ஐந்து வருஷமாகக் கறை அறை. அவள் கண்ணின் ஓரத்தில் இலேசாக மஞ்சள் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அதே டாக்டர், அதே அட்டை. மூத்தவளை எதிரே உட்காரவைத்தார். மற்ற இருவரும் சுவரோரம் நின்றார்கள், பதிலக்கா கதவருகில்.

"என்ன வேலைம்மா? என்ன மருந்து புழங்கறீங்க?"

மூத்தவள் திரும்பிப் பதிலக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நிறுத்தி, அவளுக்கென்று சொல்லிக்கொடுத்திருந்த விதத்திலேயே சொன்னாள்.

"சோப்புத் தண்ணி மாதிரி ஒண்ணு சார். நீலக் கேன்ல வரும். மாஸ்க் போட்டுக்குவோம். ஃபேன் மட்டும் கொஞ்சம் சத்தம் போடும்."

டாக்டர் ஒன்றும் எழுதவில்லை. பதிலக்காவைப் பார்த்தார்.

"வேணாம்மா" என்றாள் பதிலக்கா. "அதச் சொல்லாத. அதச் சொல்லித்தான் அவ செத்தா. நான் சொல்லிக்குடுத்தது எல்லாம் பொய்ம்மா."

மூத்தவள் கையை மடியில் வைத்துக்கொண்டு விழித்தாள். தப்பாகச் சொல்லி மார்க்கைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம்தான் அவள் முகத்தில் இருந்தது.

"அப்ப என்ன சொல்லணும்க்கா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பதிலக்கா கேட்டதில்லை. டாக்டரின் பக்கம் கையைக் காட்டிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றாள். உள்ளே டாக்டர் ஏதோ மெதுவாகக் கேட்பது கேட்டது. அதற்குப் பிறகு மூத்தவளின் குரல், பழக்கமில்லாத வேலையைத் தொடங்குகிற மாதிரித் தயங்கித் தயங்கி, காலையில் பல் விளக்கும்போது வாந்தி வருகிறது என்றது.